சால்வத்தோருக்குச் சொந்தம் தேடப் போனது

என்றும் மதிப்புக்குரிய மச்சாள் மக்டலீன் அவர்களுக்கு,

ரொறன்ரோவிலிருந்து உங்கள் தங்கை வேரோனிக்காவின் புருஷன் கிறிஸ்துநாயகம் பணிவோடு எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். பிரஷர் குளிசையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். அங்கே குருநகரில் நீங்களும், போகிற வருகிறவர்களைக் கொத்துகிற உங்கள் சேவலும் சுகமென்று நம்புகிறேன். ஃபோன் எடுத்திருக்கலாம்தான், ஆனால் ஃபோனில் உங்களுக்குக் காது கேட்காது, எனக்கு நிறுத்தத் தெரியாது. தவிர, இது ஃபோனில் பேசுகிற விஷயமும் இல்லை. முறை பார்க்கிறதில் குருநகர் தொடக்கம் பாசையூர் வரை உங்களை வெல்ல ஆளில்லை என்பது ஊரறிந்தது. எனக்கு உங்களிடமிருந்து ஒரு தீர்ப்பு வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சால்வத்தோரை உங்களுக்குத் தெரியும். வேரோனிக்காவின் செத்தவீட்டு வீடியோவில் எங்கள் சனத்தைவிடச் சத்தமாக அழுதுகொண்டு நிற்கிறாரே, அந்த இத்தாலியன். நாங்கள் ஸ்காபரோவில் இந்த வீட்டை வாங்கி வந்த முதல் கிழமையே அவருடைய மனைவி ரோசா வேலிக்கு மேலால் ஒரு அலுமினியத் தட்டை நீட்டினார். உள்ளே கத்தரிக்காயும் சீஸும் அடுக்கி வேகவைத்த ஏதோ ஒரு சாப்பாடு. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதென்று வேரோனிக்கா அதில் மீன் றோல்ஸ் அடுக்கிக் கொடுத்தாள். அவர்கள் ஊரிலும் வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இல்லையாம், அடுத்த கிழமை அது தக்காளிப் பழத்தோடு திரும்பி வந்தது, இவள் விடுவாளா, வட்டிலப்பம் போனது, அதற்குப் பதிலாக வீட்டில் சுட்ட ஒரு முழுப் பாண் வந்தது, இப்படியே அந்தத் தட்டு வேலிக்கு மேலால் முப்பது வருஷம் போய் வந்தது. ரோசா கண்ணை மூடிய பிறகும் சால்வத்தோர் தோட்டத்துக் காயைப் போட்டு அனுப்புவார். வேரோனிக்கா போன அன்று தட்டு எங்கள் பக்கம் நின்றுவிட்டது. எனக்குத் தேத்தண்ணியைத் தவிர ஒன்றும் செய்யத் தெரியாது, தேத்தண்ணியைத் தட்டில் ஊற்றிக் கொடுக்க ஏலாது. மூன்று வருஷமாக அது அடுப்புக்கு மேல் இறாக்கையில் சும்மா கிடக்கிறது.

அந்த நாட்களைப் பற்றியும் கேளுங்கள், மச்சாள். செப்ரெம்பர் வந்தால் சால்வத்தோரின் கராஜுக்குள் பெரிய கிடாரத்தில் தக்காளி கொதிக்கும், எங்கள் மகள் ஸ்டெபனி முழங்கைவரை சிவப்பாக நிற்பாள், ரோசா பார்க்காத நேரம் வேரோனிக்கா ஒரு பிடி செத்தல் மிளகாயை உள்ளே போட்டுவிடுவாள். அந்த வருஷம் முழுக்கச் சால்வத்தோர் சாப்பிடும்போதெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு, இந்தமுறைத் தக்காளி நல்ல இனம் என்பார். நான் பனிக்குள் இரண்டு வேலைக்கு ஓடித் திரிந்த காலம் அது, உடம்பெல்லாம் நோகும், ஆனாலும் திரும்பக் கிடைக்குமென்றால் அந்த நோவோடு சேர்த்தே வாங்கிக்கொள்வேன்.

இப்படிப்பட்ட மனுசன் போன கோடையில் என்னிடம் வந்து, கல்கரியில் இருக்கும் மகளிடம் போய்ச் சேரப்போகிறேன் என்றார். அவர் பேசுவது இத்தாலியன் கலந்த இங்கிலீஷ், உங்களுக்காக எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"இந்த ஊரிலை உங்களுக்கு ஆர் இருக்கினம் எண்டு மகள் கேக்கிறாள், கிறிஸ். நான் என்ன சொல்ல?"

பக்கத்தில் நான் குந்திக்கொண்டிருக்கிறேன், அவருடைய வைனைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன், என்னைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த கிழமையே மனுசன் ஒரு நோட்டீசோடு வந்தார். கீல் றோட்டில் ஒரு கோயிலின் கீழ் மண்டபத்தில் இத்தாலியப் பூர்வீகம் தேடுகிற சங்கம் ஒன்று மாதத்தில் ஒரு சனிக்கிழமை கூடுகிறதாம், தன் பாட்டன் பூட்டன் ஆரென்று தேட வேண்டுமாம், கண் சரியில்லை என்று லைசன்ஸைப் பறித்துவிட்டதால் நான்தான் கார் ஓட வேண்டுமாம். எனக்கு உடனே ஒரு யோசனை ஓடியது. ரொறன்ரோவிலேயே ஒரு இரத்த உறவைத் தேடிப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டால் இவர் கல்கரிக்கு ஏன் போகிறார்? அதனால்தான் போனேன், மச்சாள். வேரோனிக்கா போன பிறகு கோயிலுக்கும் மரக்கறிக் கடைக்கும் தவிர எங்கும் போகாத நான், அந்த நாலு நூற்றொன்று நெடுஞ்சாலையில் லொறிகளுக்கு நடுவே நடுங்கி நடுங்கிப் போனேன்.

அங்கே போய்ப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சனம், குறை சொல்லக் கூடாது, ஆனால் சொந்தம் தேடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. எல்லோரும் ஆளுக்கொரு கொம்பியூட்டரைப் பார்த்தபடி இருக்கிறார்கள், சிலர் மரபணுச் சோதனைக்கென்று குழாய்க்குள் துப்பி எங்கோ அனுப்பிவிட்டு மாதக்கணக்காகக் காத்திருக்கிறார்கள், இத்தாலியில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து பதில் வரவில்லை என்று பெருமூச்சு விடுகிறார்கள். பக்கத்துக் கதிரையில் இருப்பவரைப் பார்த்து, நீ ஆற்றை மகன், தாய் எந்தப் பகுதி, எந்தக் கோயில் பங்கு, எங்கே சம்பந்தம் செய்தது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. அது மரியாதை இல்லையாம். லொரெட்டா என்ற தலைவி அம்மா என்னிடம் வந்து, உங்கள் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். எங்களுக்குத் தகப்பன் பெயர்தான் பின்னால் வரும், தகப்பனுக்கு அவருடைய தகப்பன் பெயர் வரும், தலைமுறைக்குத் தலைமுறை மாறும் என்றேன். அப்படியென்றால் நீங்கள் எப்படித்தான் சொந்தத்தைக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று பயந்துபோய்க் கேட்டார். வாயால்தான் என்றேன்.

கோப்பி இடைவேளையில் என் வேலையைத் தொடங்கினேன். அங்கேதான் ஃபிலொமினா என்ற விதவை அம்மாவைக் கண்டது. பெயர் எங்கள் பக்கத்துப் பிலோமினாதான், இவர்கள் கொஞ்சம் நீட்டிச் சொல்லுகிறார்கள். சால்வத்தோரின் ஊர்தான், நல்ல குணம், வாதுமைக்கொட்டை போட்டு ஒரு பிஸ்கட் சுடுவா, பல்லைப் பத்திரமாகப் பார்த்துக் கடிக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் வழியில் சாப்பிடச் சொல்லிக் கடதாசிப் பையில் தருவா. சால்வத்தோர் கைத்தடியோடு நடப்பதால் பை என் கையில்தான் தருவா, அவருக்குச் சீனி வருத்தம் என்பதால் அது என் வீட்டுக்குத்தான் வரும். கடைசிக் கூட்டத்தில் ஒரு நல்ல நீல டின்னிலேயே கொண்டுவந்தா. வேரோனிக்காவைப் பற்றியெல்லாம் விசாரிப்பா, மீன் றோல்ஸ் கதையை இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டா. நானும் உலகம் தெரிந்தவன்தானே, ஓகோ, சால்வத்தோர் மேல் ஒரு கண் இருக்கிறது, நண்பனைப் பிடித்துப் பாதை போடுகிறா என்று விளங்கிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

இனிக் கவனமாக வாசியுங்கள், இங்கேதான் முறை வருகிறது. காரில் போகும்போது சால்வத்தோர் தன் தகப்பன்வழிப் பாட்டனின் தம்பியைப் பற்றிச் சொல்லியிருந்தார், கழுதை கடித்துப் பாதிக் காது போன மனுசனாம். கடைசிக் கூட்டத்தில் ஃபிலொமினாவிடம் தாய்வழிப் பாட்டனைப் பற்றிக் கேட்டால், பாவம், அவருக்கும் பாதிக் காதுதானாம். ஒரு சின்ன ஊரில் எத்தனை பேருடைய காதைத்தான் கழுதை கடிக்கும்? ஆகவே சால்வத்தோரின் அப்பாவின் அப்பாவும் ஃபிலொமினாவின் அம்மாவின் அப்பாவும் கூடப்பிறந்த அண்ணன் தம்பி. அவர்களுடைய பிள்ளைகள், அதாவது சால்வத்தோரின் அப்பாவும் ஃபிலொமினாவின் அம்மாவும், சகோதர முறை. சகோதரனின் மகனும் சகோதரியின் மகளும் ஒருவருக்கொருவர் என்ன? மச்சான், மச்சாள்! எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. உடனே கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பி, சால்வத்தோருக்கு இரத்த உறவு கிடைத்துவிட்டது என்று மண்டபம் அதிரச் சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்ததா?

"இதைவிட நல்ல செய்தி என்னெண்டால், இது கட்டுற முறை. எங்கட ஊரெண்டால் அடுத்த மாசமே கலியாணம்!"

கைதட்டல் நின்றுவிட்டது. லொரெட்டா அம்மா கோப்பிக் கோப்பையை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். ஒரு கிழவர் சிலுவை அடையாளம் போட்டார். சால்வத்தோரின் முகம் பீற்றூட் நிறத்துக்கு வந்தது. ஃபிலொமினா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கக் கழிப்பறைப் பக்கம் ஓடிவிட்டா. சொந்தத்துக்குள் கட்டுவது இவர்களுக்கு எவ்வளவு பெரிய பாவமோ தெரியவில்லை. திரும்பி வரும்போது நெடுஞ்சாலையை விட்டுக் கென்னடி றோட்டுக்கு இறங்கினேன். அப்போதுதான் சால்வத்தோர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப தேடினது முடிஞ்சுதோ, கிறிஸ்?"

"முடிஞ்சுது."

"இனி மாசாமாசம் போகத் தேவையில்லை, என்ன?"

"இல்லை."

"சரி. அப்ப நான் கல்கரிக்குப் போறன்."

நான் என்ன செய்துவிட்டேன் என்று பாருங்கள், மச்சாள். மனுசனை இங்கே பிடித்து வைக்கச் சொந்தம் தேடப் போய், அவருக்கு வயது போன காலத்தில் தளிர்த்த ஒரு ஆசையை என் வாயாலேயே முறித்துவிட்டேன். யூனியன்வில்லில் இருக்கிற மகள் ஸ்டெபனிக்குச் சொன்னால், "அப்பா, ஓ மை கோட், யூ கான்ற் ஜஸ்ற் டூ தற்! ஆக்களை கசின் எண்டும் சொல்லி, கலியாணமும் பேசுவீங்களோ?" என்று கத்துகிறாள். அவளுக்கு என்ன விளங்கும்? இந்த ஊரில் என் வாலிபத்தைக் கண்ட ஆள் இனிச் சால்வத்தோர் ஒருவர்தான். வேரோனிக்கா சிரிக்கிற சத்தம் எப்படி இருக்குமென்று தெரிந்த ஆள். அந்த வீட்டுக்கு முன்னால் விற்பனைப் பலகை நட்டால் நான் எந்த வேலிக்கு மேலால் யாரைக் கூப்பிடுவேன்?

ஆகவே நான் கேட்பது இதுதான். இது கட்டுகிற முறைதான், கூடாத முறை இல்லை என்று நீங்கள் உங்கள் கையால் நாலு வரி எழுதி, பங்குச் சுவாமியிடமும் ஒரு சொல் கேட்டு உடனே அனுப்புங்கள். அதை இங்கிலீஷில் மாற்றி இரண்டு பேரிடமும் காட்டி மன்னிப்புக் கேட்பேன். இனி உயிருள்ளவரை ஒருவரையும் ஆற்றை மகன், ஆற்றை மகள் என்று கேட்கமாட்டேன், இது மாதா மேல் ஆணை.

சேவலைத் தவிர வீட்டிலுள்ள எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். புதுமை மாதா உங்கள் முழங்காலுக்குச் சுகமும், என் வாய்க்குக் கொஞ்சம் அடக்கமும் தரட்டும்.

உங்கள் அன்பு மறவாத,
கிறிஸ்துநாயகம்

பி.கு.: ஒட்டிய உறையைத் திரும்பக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள், சுவாமியிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். சால்வத்தோர் இப்போதுதான் பின்கதவால் வந்து ஒரு பாட்டம் ஏசிவிட்டுப் போகிறார்.

"விசரா! ஃபிலொமினா என்ரை சொந்தம் எண்டு எனக்குச் சின்னனிலையே தெரியும். கோயிலிலை முதல் நன்மை எடுத்த அண்டைக்கு எனக்குக் கல்லால எறிஞ்சவள்!"

சங்கத்தில் எல்லோருக்கும் தெரியுமாம், என் மனம் நோகக் கூடாதென்றுதான் கை தட்டினார்களாம், மண்டபத்தில் தெரியாத ஆள் நான் ஒருவன்தானாம். "பிறகேன் தேடப் போனது?" என்று கேட்டேன்.

"பொம்பிளை போனாப் பிறகு நீ வீட்டை விட்டு வெளிக்கிடேல்லை. வா எண்டால் வரமாட்டாய், உதவி எண்டு கேட்டால் வருவாய். எனக்குச் சீனி வருத்தம் எண்டு அவளுக்குத் தெரியாதோ? பிஸ்கட்டை ஆற்றை கையிலை தந்தவள்? நீ என்னெண்டால் அவளை எனக்கே கட்டி வைக்கிறாய்!"

ஃபிலொமினா கழிப்பறைக்கு ஓடியது அழுவதற்கு இல்லையாம், சிரிப்பை அடக்க ஏலாமலாம். கல்கரிக்கு இப்போதைக்குப் போகவில்லையாம், இங்கே எனக்கு ஒரு சகோதரன் இருக்கிறான் என்று மகளுக்குச் சொல்லிவிட்டாராம். லொரெட்டா அம்மாவைக் கொண்டு குடும்ப மரத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போடுவித்திருக்கிறார். நான் அடுப்படியில் நின்று அழுதுவிட்டேன், மச்சாள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவர் போன பிறகுதான் எனக்குத் தலை வேலை செய்தது. சால்வத்தோருக்கு நான் சகோதரன் என்றால், ஃபிலொமினா எனக்கு என்ன முறை? தயவுசெய்து நீங்கள் கணக்குப் பார்க்க வேண்டாம். பயத்தம் பணியாரத்துக்கு மா எவ்வளவு, சீனி எவ்வளவு, வேரோனிக்கா எப்படிச் சுடுவாள் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். சரிவந்தால் கொஞ்சத்தை அந்த அலுமினியத் தட்டில் போட்டு வேலிக்கு மேலால் கொடுக்க வேண்டும். மற்றது நீல டின்னுக்கு. பிஸ்கட் முடிந்துவிட்டது, வெறும் டின்னைத் திருப்பிக் கொடுக்க உங்கள் தங்கை விடமாட்டாள்.