மறைந்த தேதி கட்டாயம்

மறதிக்கு எதிராக மனிதகுலம் தொடுத்த போர்களிலேயே மிக உக்கிரமானது, நூலகத்தின் பின்னறையில், ஒரு மின்விசிறிக்கும் ஒன்பது நாற்காலிகளுக்கும் நடுவே நடந்தது. வரலாறு இதைக் குறித்துக்கொள்ளும். மறந்துவிட்டால் குழுவே குறித்துக்கொள்ளும். அதற்காகவே ஓய்வுபெற்ற தபால்காரர் கூட்டக் குறிப்பு எழுத நியமிக்கப்பட்டிருந்தார்.

நோக்கம் மகத்தானது: போருக்குப் போய்த் திரும்பாத உள்ளூர் வீரர்கள் இருபத்தோரு பேரை இணைய நினைவகத்தில் ஏற்றி ‘அழியாப் புகழ்’ வழங்குவது. தபால்காரர் வீடு வீடாக ஏறி இறங்கி ஒரு நோட்டு நிறைய விவரம் சேர்த்துவிட்டார். முப்பது வருடம் கதவு தட்டிய கை, சும்மா இருக்குமா? மற்ற எட்டுப் பேருக்கு அதைவிடக் கடினமான பணி. இணையதளத்துக்கு எந்த நிறம் என்று ஆறு கூட்டம் பேசினார்கள். ஏழாவதில் சாம்பல் வென்றது.

தபால்காரருக்கு ஒரே கவலை, தையற்கார அக்கா. அந்த இருபத்தோரு பேரில் ஒருவரான தன் அண்ணனின் ஒரே போட்டோவை அக்கா அவரை நம்பித்தான் கொடுத்திருந்தார். அந்தப் பக்கம் போனாலே மிஷின் நிற்கும்.

“தம்பி, எங்க அண்ணன் வந்துட்டானா?”

“அடுத்த வாரம் வந்துடுவாருக்கா.”

“பட்டாளத்துக்காரங்களும் இப்படித்தான் சொன்னாங்க.”

உண்மையில் அண்ணன் படிவத்தில் சிக்கியிருந்தார். ‘மறைந்த தேதி’ என்ற கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது. அண்ணனோ காணாமல் போனவர். உடலும் இல்லை, தேதியும் இல்லை.

“தோராயமா ஒண்ணு போட்டுடலாமே சார்?” என்றார் தபால்காரர்.

தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அதிர்ந்து போனார். “தோராயமாவா? இது ஆய்வுங்க!”

செல்போன் கடைக்காரர்தான் தொழில்நுட்பப் பிரிவு. “அவரை விட்டுட்டு மத்த இருபது பேரை ஏத்திடவா?”

“ஒருத்தரை விட்டுட்டா? அது சமத்துவத்துக்கு விரோதம்!” என்றார் தலைவர்.

ஆகவே, சமத்துவத்தைக் காக்க, யாரையும் ஏற்றவில்லை. படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க மட்டும் ஒன்பது தன்னார்வலர்களும் தங்கள் போட்டோவையும் வாழ்க்கைக் குறிப்பையும், ‘மறைந்த தேதி’யாக அன்றைய தேதியைப் போட்டு ஏற்றினார்கள். அருமையாக வேலை செய்தது. கறுப்பு வெள்ளையில் எல்லாருமே அழகாக இருந்ததால் யாருக்கும் அழிக்க மனம் வரவில்லை.

திறப்பு விழா. முன்வரிசையில் தையற்கார அக்கா, துவைத்து மடித்த புடவையில். திரை ஒளிர்ந்தது. சாம்பல் நிறத்தில் ஒன்பது முகங்கள், ஒவ்வொன்றின் கீழும் அசையும் மெழுகுவர்த்தி. அக்கா எழுந்து கைகூப்பினார். அவரைப் பார்த்து அரங்கமே எழுந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாழும்போதே கிடைக்கிற மரியாதையா இது!

அக்கா பக்கத்திலிருந்த தபால்காரரிடம் குனிந்தார். “பாவம், எல்லாரும் ஒரே நாள்ல போயிருக்காங்க. வயசானவங்களையுமா தம்பி சண்டைக்கு அனுப்பினாங்க? கடைசி ஆளு உன் சாடையா இருக்காரே, சொந்தமா?”

“அது... நான்தான்க்கா.”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். “எங்க அண்ணன்?”

மேடையிலிருந்து தலைவர் கம்பீரமாகச் சொன்னார்: “வீரர்கள் இரண்டாம் கட்டத்துல வருவாங்கம்மா!”

அக்கா கையை நீட்டினார். “போட்டோவைக் குடு தம்பி. அவன் சுவத்துலயே இருக்கட்டும். அங்க யாரும் தேதி கேக்கல.”

தபால்காரர் நோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். பிறகு, கடமை தவறாமல், அன்றைய கூட்டக் குறிப்பை எழுதி முடித்தார்:

‘விழா இனிதே நிறைவுற்றது. வீரர்கள் இருபத்தோரு பேர் இரண்டாம் முறையாகக் காணாமல் போயினர். இம்முறை தேதி, இடம் இரண்டும் உறுதி. உடனிருந்தவர்கள் ஒன்பது பேர். படங்கள் இணையத்தில் உள்ளன.’