கொம்பேறி மூக்கனும் என் ஒப்பாரியும்

தனியாக இருப்பவளுக்கு எல்லாப் பாம்பும் விஷப்பாம்புதான். பக்கத்தில் ஒருத்தி இருந்தால், "அட, அது ஒன்னும் செய்யாதுடி" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். எனக்கு அப்படி ஒருத்தி இல்லாததால்தான் ஒருநாள் முழுக்கச் செத்துக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் நடந்தது. மலாயாவில், சுங்கை சிப்புட்டைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டம். என் வீட்டுக்காரர் அங்கே கணக்கெழுதும் கிராணி. கல்யாணமான கையோடு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள் நான். கிராணி வீடு மேட்டில் தனியாக நின்றது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களின் வரிசை வீடுகள், அதாவது லயம், கீழே பள்ளத்தில். அந்தப் பக்கம் போனால் கிராணி வீட்டு மரியாதை என்னாகும் என்று வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர், பொழுது சாய்ந்துதான் வருவார். வந்தாலும் பேச்சு இருக்காது. பகலெல்லாம் கத்தித் தேய்ந்த தொண்டை. நான் ரப்பர் மரங்களுக்குப் பெயர் வைத்துப் பேசிப் பார்த்தேன். (எது யார் என்று எனக்கே மறந்துபோய், அந்தச் சிநேகிதமும் முறிந்தது.)

அன்று துரை அவரை ஏதோ வேலையாகக் கோலா கங்சாருக்கு அனுப்பியிருந்தார். கொல்லை முருங்கையில் கீரை பறிக்கக் கையை நீட்டினேன். சுருக்கென்றது. பார்த்தால், கிளையோடு கிளையாகச் செம்புக் கம்பி மாதிரி ஒரு பாம்பு.

கொம்பேறி மூக்கனைப் பற்றி ஊரில் கேட்டிருக்கிறேன். கடித்துவிட்டு உயரமான மரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். கடிபட்டவரின் சிதைப் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம். இது கொம்பில் இருந்தது. மூக்கும் இருந்தது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சாவகாசமாக மேல்கிளைக்கு ஏறியது. (புகைக்கு இடம் பிடிக்கத்தான்.)

நான் போட்ட கூச்சலில், ரப்பர்ப் பால் வாளியோடு மேட்டோரம் போய்க்கொண்டிருந்த லயத்து மாரியாயி ஓடிவந்தாள். அவளை அதற்கு முன் தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன். முந்தானையைக் கிழித்து என் கையில் கட்டினாள். அடுத்த தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு, மருந்து கொடுக்கிற டிரஸரை அழைத்துவரத் தன் புருஷனைச் சைக்கிளில் விரட்டினாள். லயத்துப் பெண்கள் எல்லோரும் மேடேறி வந்துவிட்டார்கள்.

நான் உள்ளே போய்க் கூரைப்புடவையை உடுத்திக்கொண்டு வந்து கூடத்தில் படுத்தேன். செத்தபிறகு உடுத்திவிட இங்கே எனக்கு உறவுக்காரி யார் இருக்கிறாள்? அதைச் சொல்லி, எனக்காக ஒப்பாரி வைக்கக்கூட ஆளில்லையே என்று அழுதேன்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றாள் மாரியாயி. "ஆனா ஒன்னும் தெரியாம என்னான்னு பாடறது? கூடப் பொறந்தவங்க யாரு தாயி?"

அந்த மண்ணில் என்னைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. சாகிறவள் இவ்வளவு பேசக்கூடாதுதான். அண்ணன்மார்களைச் சொன்னேன், அம்மாவின் ஆஸ்துமாவைச் சொன்னேன், அம்மையில் போன தங்கச்சியைச் சொன்னேன், வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உப்புக் கரிப்பதையும் சொன்னேன். பெண்கள் "அப்புறம்?" என்று கேட்டு நெருங்கி உட்கார்ந்தார்கள். மாரியாயி மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மூணு அண்ணன் தங்கச்சியே..."

"ரெண்டு அண்ணன்தான்" என்றேன், கண்ணை மூடியபடி.

"பாட்டுக்கு மூணுதான் தோதா வருது தாயி. செத்த பேசாம படுங்க."

என் தங்கச்சியைப் பற்றி அவள் பாடியபோது எல்லோரும் நிஜமாகவே அழுதார்கள். இவ்வளவு பேர் சூழ இருக்கையில் சாவது அத்தனை மோசமில்லை என்று எனக்குத் தோன்றியது.

என் வீட்டுக்காரர் அந்த நேரத்தில்தான் மேடேறி வந்தார். தன் வீட்டிலிருந்து ஒப்பாரி வருவதைக் கேட்டார், வாசற்படியிலேயே விழுந்துவிட்டார். நான் எழுந்து ஓடி, முகத்தில் தண்ணீர் தெளித்து விசிறினேன். அப்போது வந்து சேர்ந்த டிரஸர், கீழே கிடந்தவரின் இரண்டு கால்களையும் புரட்டிப் புரட்டிப் பல்தடம் தேடினார்.

"கடிச்சது என்னைங்க" என்றேன்.

பட்டுப்புடவையில் விசிறியோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையைத் திருப்பினார். எலுமிச்சை முள் கீறியதுபோல் பொடிப் பொடியாக ஒரு வரிசை. கொல்லைக்குப் போய் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

"கொம்பேறி மூக்கன்தாம்மா, சரியாத்தான் சொன்னீங்க. ஆனா அதுக்கு வெசம் கெடயாது. பல்லி, தவளை தின்னுட்டுக் கெடக்கற பாவப்பட்ட ஜென்மம். சுடுகாட்டுக்கெல்லாம் அது போறதில்ல."

பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சேலையை உதறினார்கள். பிழைத்துவிட்டேன் என்ற சந்தோஷம் எனக்கு வரவேயில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுச் சொல்லுங்களேன்" என்று டிரஸரிடம் கெஞ்சினேன். கூடம் காலியாகிவிட்டது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, "உனக்கு ஒரு தங்கச்சி இருந்தாளா? எனக்குத் தெரியாதே" என்றார்.

"நீங்க கேக்கலையே" என்றேன்.

அவர் லயத்துப் பக்கம் போகாதே என்று அதன்பிறகு ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரே ஒரு பாம்பிடம் கடிபட்ட தகுதியில் நான் தோட்டத்துக்கே பாம்பு நிபுணி ஆனேன். கோழிக்கூண்டிலோ குளியலறையிலோ ஏதாவது நெளிந்தால், "கிராணியம்மாவக் கூட்டியாங்க" என்பார்கள். போய்ப் போய், பார்த்துப் பார்த்து, நிஜமாகவே சிலவற்றைக் கற்றுக்கொண்டேன். கட்டுவிரியன் மாதிரி வளையம் போட்டுக்கொண்டு ஓட்டில் ஏறிப் பல்லி பிடிக்கிற அப்பாவிப் பாம்பு, பச்சைக்கொடி மாதிரித் தொங்குகிற கண்கொத்தி, கோழி முட்டைக்கு வருகிற சாரை. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் உடனே சொல்லமாட்டேன். இப்படிச் சாய்ந்து பார்ப்பேன், அப்படிக் குனிந்து பார்ப்பேன், வாலைப் பார்க்கவேண்டும் என்பேன். அதற்குள் யாராவது காப்பி கலந்து கொண்டுவருவார்கள். பேச்சு எங்கெங்கோ போகும். விஷமில்லை என்று சொல்லிவிட்டால் கலைந்துபோய்விடுவார்களே.

இப்போது ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறேன். கொல்லை முழுக்கச் சிமெண்ட், மண்புழுவுக்குக்கூட வழியில்லை. ஆனாலும் நான் அடுத்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டால், யார் வந்து விசாரித்தாலும் என் மருமகள் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வாள்: "அத்தை பாம்பு பாக்கப் போயிருக்காங்க. வர நேரமாகும்லா."