கட்டிலில் படுத்த கோட்டு

அன்பும் பொறுமையும் ஒரே ஒரு கம்பளிக் கோட்டும் உடைய மைத்துனருக்கு அத்தான் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்காவும் ஏதோ நலம். உங்கள் கோட்டு எங்கள் இருவரையும்விட நலம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் முழுக்கக் கட்டிலில் உங்கள் கோட்டு படுத்தது, தரையில் நான் படுத்தேன். காரணம் நீங்கள்தான். பிரசவ அறையிலிருந்து குழந்தையைத் தூக்கிவந்து தருகிற நர்ஸ் மாதிரி வாசலில் நின்று சொன்னீர்களே: "அத்தான், கம்பி ஹேங்கர்ல மாட்டிடாதீங்க, தோள்ல ரெண்டு கொம்பு முளைச்சுடும். மடிக்கவும் கூடாது. பிரஷ்ஷை மேலேர்ந்து கீழதான் இழுக்கணும். பாக்கெட்டை மூடித் தைச்சிருக்கு பாருங்க, அதை மட்டும் பிரிச்சுடாதீங்க. கண்டதைப் போட்டா ஷேப் போயிடும்." என் கல்யாணத்தன்று உங்கள் அக்காவைப் பற்றி உங்கள் வீட்டில் யாரும் இதில் கால்வாசி விவரம்கூடத் தரவில்லை. தந்திருந்தால் நானும் கொஞ்சம் முன்னேற்பாடாக இருந்திருப்பேன்.

எதற்காக இந்தக் கோட்டு என்பது உங்களுக்குத் தெரியும். மகள் கட்டிக்கொள்ளப்போகிற பையனின் அப்பா அம்மாவை முதன்முதலாகப் பார்க்கப்போகிறோம். "அன்னிக்கு ஒரு நாளாவது பார்க்கிற மாதிரி வாங்கப்பா" என்று பெற்ற மகளே கெஞ்சும்போது என்ன செய்வது? ஆகவே தினமும் காலையில் எழுந்ததும் கோட்டை நீவினேன். மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. உங்கள் அக்கா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு நாள் தலை வாரி விட்டிருப்பீங்களா?" என்றாள். "நீ இரவல் வாங்கினது இல்லையே" என்றேன். அன்று காலை காப்பி வரவில்லை.

சுருக்கம் போக இஸ்திரி கூடாது, ஆவிதான் காட்டவேண்டும் என்றும் சொல்லியிருந்தீர்கள். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கோட்டைக் கதவில் மாட்டி, அது வியர்க்கட்டும் என்று நானும் உள்ளேயே காவல் நின்றேன். கோட்டுக்குச் சுருக்கம் போனது. எனக்கு மூச்சு போகப் பார்த்தது. புகைமூட்டத்தில் கதவைத் தேடித் தடவினதில் நடுப்பொத்தான் என் கையோடு வந்து, தரையில் உருண்டு, தண்ணீர் போகிற ஓட்டைக்குள் மரியாதையாக இறங்கிவிட்டது. தையல்காரரிடம் ஓடினேன். அவர் மிச்சப் பொத்தான்களைப் புரட்டிப் பார்த்து, "இதுக்குக் கூடப்பிறந்தது கிடைக்காது சார். வேணும்னா பெரியப்பா பையன் முறைக்கு ஒண்ணு இருக்கு" என்று, கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் பழுப்பாக ஒன்றைத் தைத்துக் கொடுத்தார்.

அடுத்தது அலங்காரம். காலரைத் தூக்கி விட்டேன். "யாரையோ வேவு பார்க்கப் போற மாதிரி இருக்கு" என்றாள் மகள். இறக்கி விட்டேன். "இப்ப அவங்க உங்களைப் பிடிச்சுட்டாங்க" என்றாள். கழுத்தில் ஒரு மப்ளர் சுற்றி, கடைசிப் பொத்தானைத் திறந்துவிட்டு, பழுப்புப் பெரியப்பா பையனைக் கையால் மறைத்தபடி நிற்கச் சொல்லிக்கொடுத்தாள். பாக்கெட்டோ தைத்து மூடியது, இன்னொரு கைக்குப் போக்கிடம் இல்லை. வயிற்றுவலிக்காரன் போஸில் கிளம்பினேன். உள்ளே போட்டது பழைய சட்டைதான். கோட்டுக்கு வெளியே தெரிகிற முக்கோணத்துக்கு மட்டும் இஸ்திரி போட்டிருந்தேன். மற்றதை எவன் பார்க்கப்போகிறான்?

எல்லோரும் பார்த்தார்கள். ஹோட்டல் வாசலிலேயே ஒரு பணியாள், "கோட்டைக் குடுங்க சார், உள்ளே சூடா இருக்கும்" என்று உருவிக்கொண்டு போய் மாட்டிவிட்டான். ஒரு வாரம் நான் தரையில் கிடந்து காப்பாற்றிய அழகு வாசலோடு நின்றது. நடுவில் தகதகவென்று ஒரு முக்கோணமும் சுற்றிலும் கசங்கலுமாக நான் உள்ளே போனேன். பையனின் அம்மா முக்கோணத்தையே பார்த்தார். பையனின் அப்பா மட்டும் தங்கமான மனிதர். "வரும்போதே கவனிச்சேன், நம்ம ரெண்டு பேருக்கும் கோட்டு ஒரே கலர்" என்றார். மகள் அப்போதுதான் மூச்சு விட்டாள். பேச்சு நல்லபடி முடிந்தது. கிளம்புகிற அவசரத்தில் பணியாள் கோட்டுகளை அவரவர் தோளில் போர்த்தி அனுப்பினான்.

மச்சான், இனிமேல்தான் விஷயம். காலையில் கோட்டை எடுத்துப் பார்க்கிறேன், என் பராமரிப்பை நினைத்து எனக்கே புல்லரிக்கிறது. உங்கள் கோட்டின் இடது கையில் இருந்த குழம்புக் கறையைக் காணோம். நீவி நீவியே போயிருக்கிறது. நடுப்பொத்தான்கூட மற்றவற்றோடு பழகிப் பழகி நிறம் மாறி, அளவும் சிறுத்து, அச்சாகக் கூடப்பிறந்தது போலவே ஆகிவிட்டது. தையல்காரருக்குக் கைராசி. துணி புதிதுபோல மினுமினுக்கிறது. நீங்கள் இத்தனை வருஷம் வைத்திருந்து செய்யாததை நான் ஒரே வாரத்தில் செய்திருக்கிறேன். ஒரு பொருளை எப்படி வைத்துக்கொள்வது என்று இனிமேல் தயவுசெய்து எனக்குப் பாடம் எடுக்கவேண்டாம். வேண்டுமானால் வந்து கற்றுக்கொண்டு போகலாம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும். நீங்களும் உங்கள் அலமாரியும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தரையில் படுத்து முதுகு பிடித்துக்கொண்ட
அத்தான்

பி.கு.: பார்சல் கட்டும்போது கை தானாக வழுக்கிக் கோட்டுப் பாக்கெட்டுக்குள் போனது. உள்ளே ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. அடுத்த அறையில் மகள் பையனின் அப்பாவோடு போனில் பேசுகிறாள்: "மாமா, பதறாதீங்க. பாக்கெட்டை யாரும் ராத்திரியோட ராத்திரியா தைச்சிருக்க மாட்டாங்க, நல்லாப் பாருங்க."