மூணு மாஸ்டரும் ரிஜெக்ட்

திருப்பதி,
வெள்ளிக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மச்சான் ஜெபசிங் அவர்களுக்கு, கிளாட்வின் எழுதுவது. தங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். நானும் பிளெஸ்ஸியும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம்.

தங்கள் தங்கை எப்சிபா கர்த்தரிடம் போய் எட்டு மாதமாகியும் குழந்தை பிளெஸ்ஸி வாயே திறக்கவில்லை என்பதால், கராத்தேயில் சேர்த்தால் தெளிவாள், நல்ல கிளாஸ் கிடைக்காவிட்டால் சித்தூரில் நாங்களே வளர்க்கிறோம் என்றீர்கள். தேடினேன். முதலில் தாமோதரன் மாஸ்டர், ஸ்வீட் கடைக்கு மேல் மாடி. நெற்றியால் ஓடு உடைத்துக் காட்டினார். நான் ஸ்ரீசிட்டி ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறவன், கை சும்மா இருக்குமா, அடுத்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். நட்டநடுவே மெஷின் வைத்து அறுத்த கோடு, ரெண்டு மில்லி ஆழம். "அது டெமோ பீஸ் சார்" என்றார். எங்க கம்பெனியா இருந்தா மாஸ்டரையும் சேர்த்து ரிஜெக்ட் பண்ணியிருப்போம்.

அடுத்தவர் கிஷோர் மாஸ்டர், கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில நடத்தறாரு. மூணு மாசத்துல பிளாக் பெல்ட் கியாரண்டியாம், முகூர்த்த நாள்ல மட்டும் லீவாம். திருப்பதியில முகூர்த்தம் இல்லாத நாள் எது மச்சான்? நாங்க போனப்ப பசங்க எல்லாம் கீழ பந்தியில பெல்ட்டை லூஸ் பண்ணிக்கினு பாயசம் துன்னுக்கினு இருந்தாங்க.

மூணாவது ஹேமநாத் மாஸ்டர். அங்க அடியும் இல்ல உதையும் இல்ல, ஒரு மணி நேரமும் கத்தல்தான். பிளெஸ்ஸி வாயை மூடிக்கினு நின்னா. அந்த ஆளு என்னைப் பார்த்து, "ஏமண்டி, நைனா முதல்ல கத்தட்டும், பாப்பா தானா கத்தும்"னாரு. ஷூ சாக்ஸோட நின்னு வாயைத் தொறந்தேன். வெறும் காத்துதான் வந்தது. பொடிப்பசங்க சிரிச்சாங்க. எப்சிபாவோட சவப்பெட்டியை மூடினப்ப வராத சத்தம், இவரு கேட்டா வந்துடுமா? இதெல்லாம் ஒரு பொழப்பு. புள்ளையைக் கூட்டிக்கினு வந்துட்டேன்.

ஆகவே அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்து அழைத்துப் போங்கள். துணியெல்லாம் பெட்டியில் வைத்துவிட்டேன். அக்காவுக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
கிளாட்வின்

பி.கு.: கவர் ஒட்டப் போகும்போது பிளெஸ்ஸி வந்து நின்னா. "நைனா, நீ தொண்டையில கத்தற. வயித்துலேர்ந்து கத்தணும்"னு சொல்லி, கத்திக் காட்டினா. பக்கத்து வீட்டு வெங்கடம்மா ஓடி வந்தாங்க. அப்புறம் நான் கத்தினேன். ரொம்ப நேரம் கத்தினேன். வெங்கடம்மா அவங்க கதவைச் சாத்திக்கினாங்க. ஞாயித்துக்கிழமை வராதீங்க மச்சான். உங்க டெய்லர்கிட்ட வெள்ளை கராத்தே டிரெஸ் ரெண்டு தைக்கச் சொல்லுங்க. ஒண்ணு ஏழு வயசு அளவு. இன்னொண்ணு, மார்பு முப்பத்தெட்டு.