பன்னிரண்டு சாரின் தலைக்கணக்கு

மனிதர்களை முகமாகப் பார்க்காமல் தலையாக எண்ணியே வாழ்ந்தவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். மட்டாஞ்சேரிக்காரர். எல்லாருக்கும் அவர் பன்னிரண்டு சார்.

உலகமெங்கும் கிளைகள் உள்ள ஓர் இன்ஜினியர்கள் சங்கத்தின் எங்கள் ஊர்க் கிளைக்கு, எழுபதுகளில் அவர் செயலாளர். வருடத்துக்கு நான்கு சொற்பொழிவு, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு உறுப்பினர். ஒரு தலை குறைந்தாலும் கிளை மூடப்படும் என்பது கடல் கடந்த தலைமையகத்தின் விதி. கிளை போனால் சங்கம் நடத்தும் தேர்வுக்கான மையமும் போய்விடும். என்னைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் அந்தத் தேர்வை எழுதித்தான் இன்ஜினியர் ஆக முடியும். எனக்கு ஒரே ஒரு பேப்பர் பாக்கி. மெட்ராஸ் போய் எழுத, நான் வேலை பார்த்த மாநகராட்சியில் லீவு தரமாட்டார்கள்.

கிளையில் இருந்ததே பன்னிரண்டு பேர். ஆகவே அவர்கள் எங்கே ஒன்றுசேர்ந்தாலும் சார் கூட்டத்தைத் தொடங்கிவிடுவார். ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் வரும் நேரத்தில் எழுந்து நின்று, கான்கிரீட் பற்றி இருபத்திரண்டு நிமிடம் பேசினார். உறுப்பினராகாமலே கூட்டங்களுக்குப் போய்க் குறிப்பெடுப்பவன் நான்; நேரம் என் டைரியில் இருக்கிறது. வாழ்த்துரை என்று நினைத்து மாப்பிள்ளையின் அப்பா கைதட்டினார்.

ஒரு வருடம் நான்காவது கூட்டம் டிசம்பர் கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டு போனது. அன்று மாலை சாரையும் சேர்த்துப் பதினொரு பேர் வந்தார்கள். பன்னிரண்டாமவரான ஜோசப் சேட்டனுக்கு அம்மை.

நான் இருக்கிறேனே என்று மெல்லச் சொன்னேன். சார் என்னைக் கண்ணாடி ஜன்னலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பாஸாகாதவன்டா நீ. விதிப்படி நீ இங்க இல்ல."

பிறகு குடையை எடுத்துக்கொண்டு, யூதர் தெருவான ஜூ டவுனை நோக்கி நடந்தார். எல்லாரும் பின்னால் போனோம். ஜோசப் சேட்டனின் வீடு ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில்.

"ஜோசப்பே, ஜன்னல் கிட்ட வா. கூட்டம் தொடங்கியாச்சு."

மேலே பொட்டுப் பொட்டாக ஒரு முகம் தெரிந்தது. "சாரே, எனக்கு உக்காரவே வய்யா."

"அப்ப நில்லு. நிக்கக் கூடாதுன்னு விதி இல்ல."

கடல் ஏறும்போது மட்டாஞ்சேரிச் சாக்கடைகள் ஏன் திரும்பி வருகின்றன என்பது தலைப்பு. சுமைக்காரர்கள் மூட்டைகளை இறக்கி அவற்றின் மேலேயே உட்கார்ந்து கேட்டார்கள். சாக்கடையின் வாயில் ஒரு கதவு வைத்தால் போதாதா என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அதுதான் அடுத்த சொற்பொழிவு என்று சார் குறித்துக்கொண்டார்.

தலைமையகத்துக்கு எழுதிய அறிக்கையில் அவர் எதையும் மறைக்கவில்லை. 'ஓர் உறுப்பினர் மாடி ஜன்னலில் நின்றார். பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்தது. இடையில் இரண்டு முறை சொறிந்துகொண்டார்.' பதில் வர ஆறு வாரம். அதுவரை நான் பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. வந்த கடிதத்தில் இரண்டே வரி: வருகை ஏற்கப்பட்டது. உறுப்பினர் இப்போது நலமா?

மட்டாஞ்சேரியிலேயே பரீட்சை எழுதினேன், பாஸானேன். அடுத்த கூட்டத்தில் சார் வழக்கம்போல ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்து, என் தலையில் விரலை வைத்தார்.

"பதிமூணு. இனி ஒருத்தனுக்கு அம்மை வந்தா வந்துட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். கூட்டத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகு, அவர் இருந்தவரை, ஒரு கூட்டத்தையும் நான் தவறவிடவில்லை. இரண்டு தடவை எனக்குக் காய்ச்சல். அதுவும் டைரியில் இருக்கிறது. தலையில் அந்த விரல் படட்டும் என்றுதான் போனேன்.