சூடாகாத எஞ்சின்

வெர்லின் குபிசெக் வாழ்நாளில் கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்று பேசியதில்லை. கல்யாணத்தன்றுகூடப் பாதிரியார் இரண்டு முறை கேட்டுத்தான் அவர் வாயிலிருந்து "சம்மதம்" என்ற சொல்லை வாங்கினார். அப்படிப்பட்டவர், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், தேவாலயத்துக்குக் கீழே இருக்கும் கூடத்தில் ஊரே உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டிருந்தபோது, தட்டும் கையுமாக எழுந்து நின்று ஒரு சபதம் செய்துவிட்டார்.

"இந்த வசந்தத்துல லவோனைக் கொலராடோ மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். நானே கார் ஓட்டி."

யாருடைய முள்கரண்டியோ தட்டில் விழுந்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ரோலண்ட் ஆஸ்டர்மன். பக்கத்துப் பண்ணைக்காரர். ஆண்டுக்கொரு முறை கொலராடோ போய் மலை ஏறுவார். இறங்கிய பிறகு அடுத்த ஆண்டு ஏறும்வரை அதைப் பற்றியே பேசுவார். சமதளத்தில் நடக்கவும் இரண்டு கைகளிலும் இரண்டு கோல்கள் வைத்திருப்பார். அன்றைக்கு மீனைக் கடித்தபடி, "வெர்லினுக்குத் தெரிஞ்ச மலை அவன் களத்துல இருக்கற சோளக் குவியல்தான். அதுலயும் ஏணி போட்டுத்தான் ஏறுவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அதை வெர்லின் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் அவருடைய மனைவி லவோனும் சிரித்தாள். அதுதான் அவரை நாற்காலியிலிருந்து கிளப்பியது.

நெப்ராஸ்காவில் அவர்கள் ஊர் தோசைக்கல் மாதிரி. ரயில் பாதைக்கு மேலே போகிற பாலம் ஒன்றுதான் மேடு. வெர்லின் அதிலேயே வேகத்தைக் குறைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவார். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வெறும் ஆகாயம் என்று ஒரு சாலை இருந்தால் போதும், அவருக்கு உள்ளங்கை நனைந்துவிடும். கால் மரக்கட்டையாகி, எது பிரேக், எது ஆக்ஸிலேட்டர் என்று அதற்கே மறந்துவிடும். இது அவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் என்று அவர் நம்பியிருந்தார்.

இதை அவர் கண்டுபிடித்தது தேனிலவில். அப்பாவின் காரை வாங்கிக்கொண்டு லவோனை மலைக்கு அழைத்துப் போனார். இரண்டாவது வளைவிலேயே கண் இருட்டியது. "முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு லவோன். எஞ்சின் கொதிக்குது" என்று சொல்லிக் காரைத் திருப்பிவிட்டார். லவோன் மறுபேச்சுப் பேசவில்லை. தேனிலவின் மிச்சத்தைச் சமவெளியில், ஒரு சர்க்கரை ஆலைக்கு எதிரே இருந்த விடுதியில் கழித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் லவோன் மலை என்று வாயெடுப்பாள். வெர்லினுக்கு அந்தந்த வருடத்துக்கு ஒரு காரணம் கிடைக்கும். சோளம் விதைக்க வேண்டும். பசு கன்று போடப் போகிறது. மழை பெய்கிறது. மழை பெய்யவில்லை. இப்போது நிலத்தையும் மாட்டையும் தம்பி மகனிடம் விட்டாயிற்று. மழையையும் அவனே பார்த்துக்கொள்கிறான். காரணங்கள் தீர்ந்துபோன வேளையில்தான் இந்தச் சபதம்.

மறுநாள் காலை விழித்ததும் வெர்லினுக்குச் சபதம் நினைவுக்கு வந்தது. ஆனால் மூளையும் கூடவே விழித்தது. ரோலண்ட் பெருமையடித்ததில் ஒரு உண்மை சிதறியிருந்தது. மலைமுகட்டின் மேலே போகிற அந்தப் பெரிய சாலையைப் பனி மூடியிருக்குமாம். மே மாதக் கடைசிவரை குறுக்கே கம்பம் போட்டு அடைத்திருப்பார்களாம். அதுவும் ஏற்றம் தொடங்கியதுமே.

ஏப்ரலில் போனால்? கம்பம்வரை ஓட்டலாம். இறங்கிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விடலாம். தொப்பியைக் கழற்றிப் பனியைத் திட்டலாம். திரும்பி வந்துவிடலாம். சபதமும் நிறைவேறும், ஆளும் பிழைப்பார். வெர்லின் தன்னை எண்ணித் தானே வியந்துகொண்டு சமையலறைக்குப் போனார்.

லவோன் பழப்பாகு வைத்துச் சுடுகிற கொலாச் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏப்ரல் கடைசியில போலாமா லவோன்?"

"போலாமே."

"ஆனா மலையில நடக்கறதெல்லாம் நமக்கு ஆகாது. உனக்கு இடுப்புல ஆபரேஷன் ஆச்சு. எனக்கு முழங்கால்."

"எந்த முழங்கால்?"

"வலது."

"போன வாரம் இடதுன்ன."

"அது காத்து அடிக்கற திசையைப் பொறுத்தது."

லவோன் தலையாட்டினாள். வெர்லினுக்குத் துணிச்சல் வந்தது. நடக்காதவர்களுக்கென்றே ஆண்டவன் காரைக் கொடுத்திருக்கிறான், மேல் சாலையில் உட்கார்ந்த இடத்திலிருந்தே மொத்த மலையையும் பார்த்துவிடலாம் என்று விளக்கினார்.

"நல்ல யோசனை. ஏப்ரல்ல அந்தச் சாலை எப்படி இருக்கும்?"

"வசந்தம்தானே? ரெண்டு பக்கமும் பூவா இருக்கும்."

லவோன் மாவைத் திருப்பிப் போட்டு ஓங்கி ஒரு குத்து விட்டாள். வேறெதுவும் சொல்லவில்லை. இத்தனை காலம் குடும்பம் நடத்தியும், அவளுடைய மௌனத்தைச் சம்மதம் என்றே வெர்லின் கணக்கில் எழுதிவந்தார்.

புறப்படுகிற நாளும் வந்தது. பின்னிருக்கையில் பன்றித்தொடை வைத்த ரொட்டிகள், கொலாச் பன்கள், இரண்டு கம்பளி. பின்பெட்டியில் பனி அள்ளும் மண்வெட்டி. ரோலண்ட் வந்து தன் நடைக்கோல்களில் ஒரு ஜோடியை ஜன்னல் வழியாக நுழைத்துவிட்டு, "வளைவுல ஹாரன் அடி. கீழ மட்டும் பாக்காத" என்றார். வெர்லினின் உள்ளங்கை வீட்டு வாசலிலேயே ஈரமாகிவிட்டது.

வழியெல்லாம் சமவெளி. எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் அவர்கள் ஊர் வழக்கப்படி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொல்லிக்கொண்டு, வெர்லின் சந்தோஷமாகவே ஓட்டினார். பிற்பகலில் மேற்கே நீலமாக ஏதோ எழுந்தது.

"மேகமா, மலையா?" என்றாள் லவோன்.

"மேகம்" என்றார் வெர்லின்.

நகராத மேகமாக இருந்தது. போகப்போகப் பெரிதாகியும் வந்தது.

அன்று டென்வர் நகரத்து ஓரம் ஒரு விடுதியில் தங்கினார்கள். காலையில் லவோன் வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டாள். "ஸ்டீயரிங் உன் வேலை. வழி என் வேலை" என்றாள். வெர்லினுக்கு அது வசதியாகவே இருந்தது. மனசுக்குள் பெருமூச்சை ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. முதல் பெருமூச்சு போலியாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் நீளம். மூன்றாவது கச்சிதமாக வந்தபோது லவோன் இடது என்றாள், திரும்பினார். வலது என்றாள், திரும்பினார்.

"இங்க நிறுத்து."

எதிரே பெரிய கட்டடம். மேலே மணிக்கூண்டு.

"கழிவறைக்கா?"

"ரயிலுக்கு" என்றாள் லவோன். சாப்பாட்டுப் பையும், கம்பளியும், வெர்லினின் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் ஏற்கெனவே அவள் கையில் இருந்தன. மலைக்குள்ளேயே போகிற ரயில், கிளென்வுட் ஸ்பிரிங்ஸில் இறங்கினால் வெந்நீர் ஊற்று, நிலையத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம், நடக்கத் தேவையே இல்லை என்றாள். காரை விடுவதற்கும் இடம் சொல்லி வைத்திருந்தாள்.

"அப்ப... மேல் சாலை?"

"ஃபோன் பண்ணிக் கேட்டேன். மே கடைசிவரைக்கும் மூடியிருக்குமாம். குறுக்க கம்பம் போட்டிருக்காங்களாம்." கையை நீட்டி அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "பாவம், உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது" என்றார் வெர்லின். ஒத்திகை பார்த்த பெருமூச்சு அப்போதுதான் தானாக வந்தது. போலியே இல்லை.

ரயிலில் லவோன் ஜன்னலோரம். வெர்லின் நடைபாதை ஓரம். வண்டி நகரத்தை விட்டு மேலேறத் தொடங்கியதும் அவர் தன் செருப்புகளைப் பார்க்க ஆரம்பித்தார். செருப்பில் பார்க்க அவ்வளவு இருக்கும் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

"தானிய வண்டி நிக்குது பாரு" என்றாள் லவோன்.

தானிய வண்டி என்றால் வெர்லின் தூக்கத்திலும் எழுந்து பார்ப்பார். எட்டிப் பார்த்தார். பெரிய வளைவின் உட்புறம் பழைய தானியப் பெட்டிகள் வரிசையாக நின்றன. அவர்கள் ஊர்க் கிடங்குக்கு வருகிற அதே மாதிரிப் பெட்டிகள். பலத்த காற்று ரயிலைச் சாய்த்துவிடாமல் தடுக்க, மணல் நிரப்பி நிரந்தரமாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று டிக்கெட் பரிசோதகர் சொன்னார். இந்த உயரத்திலும் தன் ஊர்க்காரன் ஒருவன் காவல் நிற்பதுபோல வெர்லினுக்கு ஆறுதலாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தவர், அந்தப் பெட்டிகளுக்கும் கீழே சமவெளி முழுவதும் விரிந்து கிடப்பதைத் தாமதமாகக் கவனித்தார். உடம்பு குளிர்ந்தது. ஆனால் கையில் ஸ்டீயரிங் இல்லை. காலுக்கு வேலை இல்லை. தவறு செய்ய அவருக்கு ஒரு வாய்ப்பும் இல்லை. மூச்சு தானாக வந்து போனது.

லவோன் ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "நல்லவேளை, இந்த எஞ்சின் சூடாகாது."

வெர்லின் மெதுவாகத் திரும்பினார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான மூணாம் நாள்லேர்ந்து."

"எப்படி?"

"உங்கப்பா கார்ல சூடு காட்டற முள்ளே கிடையாது வெர்லின். பெட்ரோல் முள்ளு ஒண்ணுதான். அதுவும் ஆடாது."

நல்ல சமயத்தில் நீளமான குகைப்பாதை வந்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாத மனிதனுக்கு இருட்டைப் போல உதவி வேறில்லை. வெர்லின் இருட்டுக்குள் அவள் கையைத் தேடினார். அது ஏற்கெனவே அவருடைய கையைத் தேடிப் பாதி தூரம் வந்திருந்தது.

"ஏன் ஒரு தடவைகூடச் சொல்லல?"

"சொல்லியிருந்தா ரோஷத்துல ஓட்டியிருப்ப. எனக்கு மலையை உயிரோட பாக்கணும்."

குகைக்கு அப்பால் வெயில். பனி போர்த்திய சிகரங்கள். கீழே அப்போதுதான் உருகத் தொடங்கிய ஆறு. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். வெர்லின் லவோனின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வசந்தங்களாக இந்த முகத்துக்கு இந்த மலர்ச்சி வரவேண்டியிருந்தது. சோளத்தையும் கன்றையும் மழையையும் காரணம் காட்டியபோதெல்லாம், உண்மை தெரிந்துகொண்டே, "ஆமா, விதைக்கணும்தான்" என்று அவளே அவருக்கு எடுத்துக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. ஒரு கொலாச் பன்னை எடுத்து, பழப்பாகு அதிகம் இருந்த பாதியை அவளுக்குப் பிய்த்துக் கொடுத்தார்.

மாலையில் நடக்க ஆகாத இரண்டு பேரும் கழுத்துவரை வெந்நீரில் கிடந்தார்கள். ஆவிக்கு மேலே மலை நின்றது. "எந்த முழங்காலை முதல்ல ஊற வைக்கப் போற?" என்று கேட்டாள் லவோன். வெர்லின் சத்தமாகச் சிரித்தார். பக்கத்தில் ஊறியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்கள் ஊர் ஆண்களுக்கு நன்றி என்று வாயால் சொல்ல வராது. வீடு திரும்பியதும் வெர்லின் லவோனுடைய காருக்கு எண்ணெய் மாற்றினார். டயருக்குக் காற்றடித்தார். பெட்ரோல் நிரப்பினார். கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்தார். அப்படியும் மனசு ஆறவில்லை. மறுநாள் மறுபடியும் துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூடத்தில் காப்பி. ரோலண்ட் கோல்களை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். ஊர் மொத்தமும் காது கொடுத்தது.

"என்ன வெர்லின், மேல் சாலையில ஓட்டினியா? இல்ல, ரயில்ல போனதாச் சொல்றாங்களே?"

வெர்லின் வாயைத் திறந்தார். லவோன் தன் காப்பிக் கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தாள்.

"இவர் ஓட்டறதுக்குத் தயாராத்தான் இருந்தாரு ரோலண்ட். எனக்குத்தான் உயரம்னா பயம். எனக்காகத்தான் ரயில்ல வந்தாரு."

பெண்கள் பக்கத்திலிருந்து "பாரேன்!" என்று ஒரு குரல் கேட்டது. ரோலண்ட் தன் மனைவியின் பார்வையைத் தவிர்த்தார். வெர்லினுக்குக் கண் கரித்தது. எண்ணெய் மாற்றியும் டயருக்குக் காற்றடித்தும் தீராத நன்றி மொத்தமும் காலுக்கு வந்தது. வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் கூட்டத்துக்கு நடுவே எழுந்து நின்றார்.

"அடுத்த வசந்தத்துலயும் நாங்க போறோம். எங்கங்கறதையும் எதுலங்கறதையும் லவோனே சொல்லட்டும். எதுவா இருந்தாலும் நான் வர்றேன். ஊர் முன்னாடி சொல்றேன்."

கூடம் கை தட்டியது. லவோன் அவரை நிமிர்ந்து பார்த்து, வெகுநேரம் காத்திருந்தவள் போல மூச்சுவிட்டாள்.

"அப்பாடா. எழுந்து நிப்பன்னு தெரியும், ரெண்டாவது காப்பி வரைக்கும் இழுத்துட்ட. கம்பியில தொங்கிக்கிட்டே மலை உச்சிக்குப் போற பெட்டி இருக்காம். நமக்கு ரெண்டு இடம் போன செவ்வாய்க்கிழமையே சொல்லி வச்சுட்டேன்."

வெர்லினுக்கு முழங்கால் முதன்முறையாக உண்மையிலேயே விட்டுப்போனது. வலதும் இடதும்.