மாப்பிள்ளை வாழைக்குப் பின்னால், மாமியார் டிவிக்கு முன்னால்

கிமிலிலி,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி யோத்தாம் மகோகா அவர்களுக்கு, பர்னபாஸ் கயெம்பா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரோடாவும் மாடுகளும் நலம். அங்கே தாங்களும் தங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுமென்று போன ஞாயிறுகூட சபையில் வேண்டிக்கொண்டோம். எங்கள் மூத்தவள் செலினாவுக்குத் தங்கள் மகன் சக்கரியா கணவனாகக் கிடைத்தது எங்கள் பாக்கியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மேற்கொண்டு படித்தால் தங்களுக்குச் சந்தேகம் வரலாம்.

பழைய ஒளிபரப்பைத் திங்களோடு நிறுத்திவிட்டார்கள். டிஜிட்டல் பெட்டி வைக்காத வீட்டு டிவியில் இப்போது வெறும் இரைச்சல்தான். இந்த ஞாயிறு மூன்று மணிக்கு எங்கள் கடைக்குட்டி நெலிமா பள்ளிப் பாடகர் குழுவோடு டிவியில் பாடப்போகிறாள். அதைப் பார்க்காமல் விட்டால் ரோடா என்னை மன்னிக்கமாட்டாள், நானும் என்னை மன்னிக்கமாட்டேன். ஊரில் இந்தப் பெட்டி மாட்டத் தெரிந்த ஒரே ஆள் நம் மாப்பிள்ளை. நாற்பது வீட்டில் மாட்டிவிட்டார். நாற்பத்தொன்றாவது வீடு மாமியார் வீடாகப் போய்விட்டது. மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவள் படுத்துறங்கும் கூரையில் கால் வைக்கவே கூடாது. நம் முன்னோர் இதை வகுத்தபோது அந்தக் கூரையில் ஆன்டெனா வரும் என்று யார் கண்டார்கள்?

செவ்வாயன்று அவர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்துபோய் வாழைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். ரோடா முகத்தில் துணியைப் போட்டுக்கொண்டு அதை எடுத்துப்போய் டிவி முன்னால் உட்கார்ந்தாள். அறுபத்து நாலு வயதில் நான் ஏணி ஏறினேன். "என்னங்க, அந்தப் பிள்ளைகிட்ட சொல்லுங்க, சிக்னல் இல்லைன்னு எழுத்து வருது" என்று ரோடா கத்துவது பக்கத்து ஊருக்கே கேட்கும். இருபது அடி தள்ளி நிற்கும் மாப்பிள்ளைக்கு மட்டும் கேட்காது. நான் திருப்பிச் சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு. "அப்படியா மாமா, மெனு பட்டனை அமுக்கச் சொல்லுங்க." அதையும் நான் சொன்னால்தான் ரோடா காதில் விழும். "எந்தப் பட்டனாம்?" "எந்தப் பட்டன்னு கேக்குறாங்க மாப்பிள்ளை." "இடது ஓரத்துல மாமா." "இடது ஓரமாம்டி." "யாருக்கு இடதுன்னு கேளுங்க." அதற்குள் காற்றடித்து என் தொப்பி பறந்துவிட்டது. புதன்கிழமை ரோடா சொல்லாமல் கொள்ளாமல் வெளியே வந்துவிட, மாப்பிள்ளை ஒளிய இடமில்லாமல் மாட்டுத் தொட்டிக்குள் குந்திவிட்டார். மாடு தண்ணீர் குடிக்க வந்தது. ரோடா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு அரைமணி நேரம் மழையைப் பற்றி அதனிடம் பேசினாள். வேண்டுமென்றே செய்தாள் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. நேற்று ஒருவழியாகப் படம் வந்தது. கட்டம் கட்டமாக உடைந்து, செய்தி வாசிப்பவர் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஆகவே தாங்கள் நாளையே ஓர் ஆட்டோடும் நல்ல போர்வையோடும் வந்து, முறைப்படி ரோடாவுக்குப் போர்த்தி, அவளையும் மாப்பிள்ளையையும் கைகுலுக்க வைத்து, இந்த மாமியார் மருமகன் கூச்சத்தை நீக்கித்தர வேண்டும். கல்யாணம் முடிந்து பன்னிரண்டு வருடமாக இந்தச் சடங்கைத் தள்ளிப்போட்டது நம் இருவர் தவறுதான். தங்கள் துணைவியாருக்கு எங்கள் அன்பு. தங்கள் சோளக் கொல்லைக்குக் கடவுள் வேளையில் மழை தரட்டும்.

தங்கள் அன்புள்ள,
பர்னபாஸ் கயெம்பா

பி.கு.: இன்று ஞாயிறு மாலை. கடிதத்தைக் கொடுத்தனுப்ப ஆள் கிடைக்கவில்லை, என் சட்டைப்பையிலேயே இருக்கிறது. நான் கூரைமேல் இருக்கிறேன். மூன்று மணிக்குப் படம் மறுபடி உடைந்தது, நான் ஏணி ஏறி ஆன்டெனாக் கம்பியைப் பிடித்தேன். ரோடா வெளியே ஓடிவந்து, என்னைத் திரும்பியும் பார்க்காமல், வாழைகளைப் பார்த்து, "மாப்பிள்ளை, பிள்ளை பாடப் போறா, உள்ள வாங்க" என்றாள். அவரும் உள்ளே ஓடினார். எதையோ திருகினார். நான் கம்பியைப் பிடித்திருந்த நிலையில் படம் தெளிந்துவிட்டதாம். "அசையாதீங்க மாமா" என்றார் அவர். "மூச்சுகூட விடாதீங்க" என்றாள் இவள். நெலிமாவின் குரலைத் தகரத்துக்கு மேலிருந்து கேட்டேன். பெற்றவனுக்கு அழுகை வந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. பாட்டு முடிந்து இரண்டு மணி நேரமாகிறது. இப்போது இருவரும் நாடகம் பார்க்கிறார்கள், நான் கம்பியை அணைத்தபடி இதை எழுதுகிறேன். கீழே கோழி வெந்துவிட்டது. வீட்டுத் தலைவனைத் தவிர யாரும் தொடாத அந்த இரைப்பையை எடுத்து, "நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை, அவரு எறங்க நேரமாகும்" என்கிறாள் ரோடா. சம்பந்தி, போர்வை வேண்டாம். உடனே புறப்பட்டு வந்து, இவர்கள் இருவருக்கும் அந்தக் கூச்சத்தை மறுபடி உண்டாக்கிக் கொடுங்கள்.